பகற்பொழுதின் ஏற்றமும் இறக்கமும்

கார்த்திகை பிறந்ததும் நெசவாளர் வீதிகளில் பொழுது போதவில்லை என்ற பேச்சு எழுவது வழக்கம். மாலை ஐந்து மணிக்கே குழித்தறிக்குள் இருள் புகுந்துவிடுகிறது. அறுந்த இழையைக் கண்டு முடிவதற்குக் கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மார்கழி நடுவில் மாலை வெளிச்சம் சிறிது நீள்வதையும் தறியில் அமர்ந்திருப்பவர்களே முதலில் உணர்கிறார்கள். ஆனால், ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாள், அதாவது மார்கழி 6-ஆம் நாளளவில் வருகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்த பிள்ளை, தந்தையின் கூற்றை ஒப்புக்கொள்வதில்லை. பாடமும் சரியானதே, தந்தை கண்டதும் சரியானதே.

காவிரிப் பாசனத்து உழவர்களிடம் வேறொரு கேள்வி உண்டு. பழைய சம்பா வகையை ஆடியில் விதைத்தாலும், தண்ணீர் பிந்திய ஆண்டில் ஆவணி கடந்து விதைத்தாலும், கதிர் வெளிவரும் காலம் மட்டும் பெரிதும் மாறுவதில்லை. ஒரு மாதம் பிந்தி விதைத்த பயிர், முந்தியதை எப்படி எட்டிப் பிடிக்கிறது? இவ்விரு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஒரே நீளமாய் இருப்பதில்லை என்பதே அது. நமது அங்கத்தினர்களின் கூலிக்கும் விளைச்சலுக்கும் நேரே தொடர்புடைய செய்தியாதலால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

சாய்ந்த அச்சு

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இரவும் பகலும் உண்டாகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. சுற்றும் அச்சு நிமிர்ந்து நின்றிருந்தால் எல்லா ஊர்களிலும் எல்லா நாட்களிலும் பகல் சமமாகவே இருந்திருக்கும். அது ஏறத்தாழ 23 பாகை 26 கலை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த அச்சின் முனை, பூமி சூரியனைச் சுற்றிவரும் ஓராண்டுக் காலமும் வானில் ஒரே திசையையே நோக்கி நிற்கிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நூலுருண்டையின் நடுவே நீண்ட ஊசியைச் செருகி, உருண்டையின் மேற்பாதியில் ஒரு சிவப்பு இழையை வட்டமாகச் சுற்றிக்கொள்க. இருட்டறையின் நடுவே ஒரு விளக்கை வைத்து, ஊசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அதன் தலை எப்பொழுதும் ஒரே சுவரை நோக்குமாறு விளக்கைச் சுற்றி வருக. ஊசியின் தலை விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் சிவப்பு இழையின் பெரும்பகுதி வெளிச்சத்திலும் சிறுபகுதி நிழலிலும் இருக்கும். எதிர்ப்பக்கம் சென்றதும் இது தலைகீழாகும். இடையிலுள்ள இரண்டு இடங்களில் இழை பாதி ஒளியிலும் பாதி நிழலிலும் இருக்கும். சிவப்பு இழையே நமது ஊர். ஒளியில் இருக்கும் பகுதியே நமது பகல்.

முதலில் சொன்ன நிலை ஜூன் 21-ஆம் நாளளவில் வருகிறது. அடுத்தது டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. சமமான இரண்டும் மார்ச்சு 20 அல்லது 21-இலும், செப்டம்பர் 22 அல்லது 23-இலும் அமைகின்றன. சிவப்பு இழையை உருண்டையின் நடுவயிற்றை ஒட்டிச் சுற்றினால் வேறுபாடு மிகக் குறைவாகவும், ஊசித் தலையை ஒட்டிச் சுற்றினால் மிகப் பெரிதாகவும் இருப்பதையும் அங்கத்தினர்கள் காணலாம்.

சூரியனுக்கு அருகே செல்வதனால் கோடை வருகிறது என்று கருதுவோர் இன்றும் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில், 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனியில் நடுங்கும்போது. மிக விலகி, 15 கோடியே 21 இலட்சம் கிலோமீட்டரில் இருப்பதோ ஜூலை முதல் வாரத்தில். இந்த நெருக்கத்துக்கும் விலகலுக்கும் பருவத்தில் பங்கு சிறிதே; ஆனால் கடிகாரத்தில் அதற்குப் பங்கு உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

நமது ஊர்க் கணக்கு

சென்னையில் ஜூன் 21-ஆம் நாள் பகல் 12 மணி 53 நிமிட அளவு. டிசம்பர் 21-ஆம் நாள் 11 மணி 21 நிமிடம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி 32 நிமிட வேறுபாடு. நாழிகைக் கணக்கில் ஏறத்தாழ நாலு நாழிகை. பஞ்சாங்கத்தில் அகசு என்று நாள்தோறும் குறித்திருப்பது இந்தப் பகல் நீளத்தையே. கன்னியாகுமரியில் வேறுபாடு ஒரு மணிக்கும் குறைவு. அங்கே நெடும்பகல் 12 மணி 35 நிமிடம், குறும்பகல் 11 மணி 39 நிமிடம். வடக்கே தில்லியில் ஜூனில் ஏறத்தாழ 14 மணி நேரம் பகல் இருக்க, டிசம்பரில் 10 மணி 19 நிமிடமே இருக்கிறது. இலண்டனில் 16 மணி 38 நிமிடத்திலிருந்து 7 மணி 50 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்நாட்டு ஆலைத் தொழிலாளர் குளிர்காலத்தில் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புவதன் காரணம் இதுவே.

அந்தி வெளிச்சமும் நமக்குக் குறைவு. சூரியன் நமது வானத்தில் ஏறத்தாழ நிமிர்ந்தே இறங்குவதால், மறைந்தபின் வேலை செய்யத்தக்க வெளிச்சம் 22 நிமிட அளவே நிற்கிறது. மேல்நாடுகளில் சூரியன் சாய்ந்து இறங்குவதால் அந்தி நெடுநேரம் நீடிக்கிறது.

பகல் நாள்தோறும் ஒரே அளவில் கூடுவதோ குறைவதோ இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களின் சமநாட்களை ஒட்டிச் சென்னையில் நாளொன்றுக்கு 45 விநாடி வீதம் மாறுகிறது. பத்து நாட்களில் ஏழரை நிமிடம் சென்றுவிடும். டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாட்களில் ஒரு நிமிடம்கூட முழுதாக மாறுவதில்லை. ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் தயங்கித் திரும்புவதைப் போலச் சூரியனும் இவ்விரு முனைகளிலும் நின்று திரும்புவதாகத் தோன்றும்.

சமநாளன்று பகல் சரியாகப் பன்னிரண்டு மணி என்று பலரும் எண்ணுவதுண்டு. சென்னையில் அன்று பகல் 12 மணி 7 நிமிடம். சூரியனது மேல் விளிம்பு தோன்றுவதையே உதயம் என்கிறோம். நடுப்புள்ளி தோன்றுவதை அன்று. மேலும் காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்துக்குக் கீழே உள்ள சூரியனையே நாம் கண்டுவிடுகிறோம். உண்மையில் பன்னிரண்டு மணிப் பகல் இங்கே மார்ச்சு 11-ஆம் நாளளவிலும் அக்டோபர் 2-ஆம் நாளளவிலும் வருகிறது.

கார்த்திகை மாலையும் தை காலையும்

இனி நெசவாளரின் கேள்விக்கு வருவோம். சென்னையில் சூரியன் மிக முந்தி மறைவது நவம்பர் 20-ஆம் நாளையொட்டி, கார்த்திகை முதல் வாரத்தில். அன்று மாலை 5 மணி 39 நிமிடத்துக்கே மறைந்துவிடுகிறது. மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21-இல் அது மறைவது 5 மணி 47 நிமிடத்துக்கு. முன்னையதைவிட 8 நிமிடம் பிந்தி! காலையிலோ இதற்கு எதிரிடை. டிசம்பர் 21-இல் 6 மணி 26 நிமிடத்துக்கு உதிக்கும் சூரியன், ஜனவரி 22-ஆம் நாளளவில், பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆனபின், 6 மணி 35 நிமிடத்துக்கு உதிக்கிறது. ஆகவே மாலை நேரம் கார்த்திகை முதல் வாரத்திலேயே மீளத் தொடங்க, காலை நேரம் தை இரண்டாம் வாரம் வரை தேய்ந்துகொண்டே போகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் குறும்பகல் மார்கழியில் விழும்.

இதற்குக் காரணம் சூரியன் உச்சிக்கு வரும் வேளை கடிகாரத்தோடு ஒத்து நடவாமையே. கடிகாரம் ஆண்டு முழுதும் 24 மணியையே ஒரு நாளாகக் கணக்கிடுகிறது. ஓர் உச்சி முதல் மறு உச்சி வரையுள்ள உண்மை நாளோ டிசம்பர் இறுதியில் 24 மணிக்கு மேல் 30 விநாடி நீண்டுவிடுகிறது. பூமி அப்பொழுது சூரியனை நெருங்கி விரைவாக ஓடுவது ஒரு காரணம். அச்சின் சாய்வு மற்றொரு காரணம். நாளுக்கு அரை நிமிடம் என்பது சிறிதாகத் தோன்றினும், மாதக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 52 நிமிடத்துக்கு வந்த உச்சிப்பொழுது, பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிடத்துக்கு வருகிறது. உச்சி இவ்வாறு பின்னுக்கு நகரும்போது உதயத்தையும் மறைவையும் சேர்த்தே இழுத்துச் செல்கிறது. கார்த்திகை முதல் வாரம் கடந்ததும் பகல் குறைவதைக் காட்டிலும் இந்த இழுப்பு மிகுந்துவிடுவதால் மாலை நீள்கிறது.

ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. நமது நாட்டின் பொதுநேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் உச்சி சராசரியாக 9 நிமிடம் பிந்தி வருகிறது. கோயமுத்தூரில் 22 நிமிடம் பிந்துகிறது. கோவையில் தறி நெய்பவர் சென்னையிலுள்ள உறவினரைக் காட்டிலும் மாலையில் கால் மணி நேரமளவு கூடுதலாக வெளிச்சம் பெறுவதுபோல் தோன்றுவது இதனாலேயே. காலையில் அந்த நேரத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

நூல்வாங்கி நெய்து கூலி பெறும் அங்கத்தினர்க்கு இக்கணக்கு வெறும் வேடிக்கையன்று. ஆனியில் கிடைக்கும் பகலோடு ஒப்பிட்டால் மார்கழியில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஐப்பசி கார்த்திகையில் மழைமேகமும் சேர்ந்துகொள்வதால் தறிக்குக் கிட்டும் நல்ல வெளிச்சம் அதனினும் குறைவே. வீதியில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்போர் காலை இளவெயிலை நம்புகிறவர்கள். தை காலை பிந்தி விடிவதை அவர்கள் தங்கள் வேலைத் திட்டத்தில் கருத வேண்டும். மின்விளக்கு வந்தபின் இருட்டு ஒரு பொருட்டில்லை என்று சொல்லலாம். நெய்வதற்கு அது பொருந்தும். சாயம் ஒப்பிடுவதற்குப் பொருந்தாது. விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு நிறங்கள் பகலில் வேறுபட்டு நிற்பதைச் சாயத்தொழிலாளர் அறிவர். கார்த்திகை மாதத்தில் முந்தானைக்கும் உடலுக்கும் நிறம் சேர்க்கும் வேலையை நாலு மணிக்குள் முடித்துக்கொள்வதே நலம். மறுநாள் சங்கத்தில் சேலை திருப்பப்படும் இழப்பு அதனால் தவிரும்.

பொங்கலும் உத்தராயணமும்

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 என்றால், உத்தராயணத் தொடக்கமாகிய தைப் பொங்கல் ஜனவரி 14-இல் வருவது ஏன் என்ற ஐயம் இயல்பானது. பூமியின் அச்சு, ஓய்ந்துவரும் பம்பரத்தைப் போல மிக மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். இதனை அயன சலனம் என்பர். நமது சூரிய மாதங்கள் விண்மீன்களைக் கொண்டு அளக்கப்படுபவை. பருவங்களோ அச்சின் சாய்வைத் தொடர்பவை. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே 20 நிமிட வேறுபாடு இருக்கிறது. எழுபத்தோராண்டு அல்லது எழுபத்திரண்டு ஆண்டில் அது ஒரு நாளாகிவிடும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் மகர சங்கிராந்தியும் சூரியனது திருப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்று இருபத்து நான்கு நாட்கள் விலகி நிற்கின்றன.

விஞ்ஞானி மேகநாத சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இந்த விலகலை ஆராய்ந்து 1955-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பஞ்சாங்கம் ஆண்டுப் பிறப்பைச் சமநாளுக்கு அடுத்த நாளில் வைத்திருக்கிறது. ஆயினும் மக்கள் பொங்கலை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை என்பதே நமது கருத்து. பொங்கல் அறுவடையின் விழா. நெல் களத்துக்கு வரும் காலமே அதற்குரிய காலம்.

ஒரு கோலும் அதன் நிழலும்

சங்கத்தின் முற்றத்தில் பத்தடி உயரமுள்ள நேரான கோல் ஒன்றை நட்டு உச்சிவேளை நிழலை அளந்து வருவது எளிது. உச்சிவேளை என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு அன்று. நிழல் மிகக் குறுகும் கணமே அது. சென்னை, காஞ்சிபுரம் பக்கங்களில் டிசம்பர் திருப்ப நாளன்று நிழல் வடக்கே ஏழடி நான்கு அங்குல அளவு விழும். சமநாட்களில் இரண்டடி நான்கு அங்குல அளவு. பிறகு குறுகிக்கொண்டே வந்து, ஏப்ரல் 24 அல்லது 25-இல் கோலின் அடியிலேயே அடங்கிவிடும். அதன்பின் நிழல் தெற்கே விழத் தொடங்கும்! ஜூன் 21-இல் தெற்கே ஒன்றேமுக்கால் அடிக்குச் சற்று மேல் நீண்டு, மீண்டும் குறைந்து, ஆகஸ்டு 18-ஆம் நாளளவில் மறுபடியும் மறையும். தஞ்சையில் இவ்வாறு நிழல் மறைவது ஏப்ரல் 18-ஆம் நாளளவிலும் ஆகஸ்டு 25-ஆம் நாளளவிலும் ஆகும். தில்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால், அங்கே உச்சி நிழல் ஒருபொழுதும் மறைவதில்லை.

நிழலைக் கொண்டு திசை காணும் முறை தமிழர்க்குப் பழமையானது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் தச்சர், நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் கோல்களை நட்டு நூல் பிடித்துத் திசை குறித்த செய்தி வருகிறது. கட்டடம் கட்டுவோர் அதனை மறந்ததால் விளைந்த ஒரு தவறு இன்றும் காணப்படுகிறது. தொழிற்கூடங்களுக்கு வடக்குச் சன்னல் வைத்தால் நேர்வெயில் புகாது, ஒரே சீரான ஒளி கிடைக்கும் என்று மேல்நாட்டு நூல்கள் கூறும். அந்நாடுகளுக்கு அது முற்றும் உண்மை. நமக்கோ பாதி உண்மையே. ஜூன் மாதத்தில் சென்னையில் சூரியன் நேர்கிழக்குக்கு வடக்கே 24 பாகையில் உதித்து, உச்சியிலும் வடபுறமாகவே நின்று, மேற்கிலும் வடக்கே 24 பாகையில் மறைகிறது. அன்று முழுவதும் தென்சுவரில் வெயிலே படுவதில்லை. வடக்குச் சன்னலில்தான் காலையும் மாலையும் வெயில் நுழைந்து, சாயமிட்ட நூல்மீது விழுந்து நிறத்தை வெளுக்கச் செய்கிறது.

ஆகவே புதிய நெசவுக்கூடம் கட்டும் சங்கங்கள் கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமையுமாறு செய்து, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்துக்கொள்வது நல்லது. நாலடி உயரமுள்ள தெற்குச் சன்னலில் டிசம்பர் உச்சிவெயில் அறவே புகாதிருக்க மூன்றடி நீண்ட தாழ்வாரம் வேண்டும். வடக்குச் சன்னலுக்கு ஜூன் உச்சிவெயிலைத் தடுக்க ஒன்பது அங்குலம் போதும். ஆனால் காலை மாலை வெயில் பக்கவாட்டில் தாழ்ந்து வருவதால், வடக்குச் சன்னலின் இருபுறமும் நிமிர்ந்த தடுப்புகள் வேண்டும். ஒரு மூங்கில் தட்டி கட்டினாலும் ஆகும்.

பயிர் பகலை அளக்கிறது

பயிர்கள் பகலின் நீளத்தை அறிகின்றன என்ற உண்மை விஞ்ஞானத்தில் நிலைபெற்று நூறாண்டுக்குச் சற்று மேலாகிறது. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஒரு புகையிலை வகையை ஆராய்ந்தனர். அது கோடை முழுதும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போயிற்றேயன்றிப் பூக்கவில்லை. உரத்தையும் நீரையும் மாற்றிப் பார்த்துப் பயனில்லை. இறுதியில் சில செடிகளை நாள்தோறும் மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்தி வைத்துப் பகலைக் குறுக்கினர், அவை பூத்துவிட்டன. 1920-இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். குறும்பகலில் பூப்பவை, நெடும்பகலில் பூப்பவை, பகலைப் பொருட்படுத்தாதவை எனப் பயிர்கள் பிரிக்கப்பட்டன. 1938-இல் ஹாம்னர், பானர் என்போர் மேலும் ஒன்று கண்டனர். நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கு காட்டினாலே குறும்பகல் செடி பூப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடைமுறியாத இருட்டையே.

நெல் இயல்பிலேயே குறும்பகல் பயிர். நமது நாட்டில் பகல் ஒன்றரை மணி நேரமே மாறுகிறதே, அதனை ஒரு புல் உணருமா என்று ஐயுறலாம். பூமத்திய ரேகையை ஒட்டிய மலாக்காவில் ஆண்டு முழுவதிலும் பகலின் வேறுபாடு கால் மணி நேரமளவே. அங்கே சயாம் 29 என்ற நெல்லைச் செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளில் பூத்தது. ஜனவரியில் விதைத்தபோது 329 நாள் ஆயிற்று என்று 1959-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. கால் மணி நேரத்தை உணரும் பயிருக்கு ஒன்றரை மணி நேரம் பெரிதே.

பழைய சம்பா வகைகளில் பல இத்தகையவை. புரட்டாசிக்குப் பின் பகல் குறுகிக்கொண்டு வரும்பொழுது, தனக்குரிய அளவை இரவு எட்டியதும் பயிர் கதிர்க்கருவைத் தோற்றுவிக்கிறது. முந்தி விதைத்தால் தூர்கட்டி வளரும் காலம் நீள்கிறது. பிந்தி விதைத்தால் அக்காலம் சுருங்குகிறது. பூக்கும் காலம் மட்டும் நிலைத்து நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையின் கடுமை தணிந்தபின் பூத்து, தையில் முற்றும் இப்பண்பை நமது முன்னோர் தேர்ந்து காத்ததில் வியப்பில்லை. பிந்தி நடும்போது குத்துக்களை நெருக்கி நடுவதும் இதனையொட்டியதே. தூர் குறையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 முதலாக வந்த புதிய வகைகளிலும், ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுகியகால வகைகளிலும் இந்த உணர்வு பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளது. இக்குறுகியகால வகைகள் விதைத்த நாளிலிருந்து நூற்றுப்பத்து நாளளவில் முற்றிவிடும். எம்மாதமும் பயிரிடலாம், ஆண்டில் இருபோகமும் எடுக்கலாம் என்ற பெரும்பயன் இதனால் கிட்டியது. ஆனால் நாளை எண்ணிக்கொள்ளும் பொறுப்பு பயிரிடமிருந்து உழவரிடம் வந்துவிட்டது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறவாமல் ஒரு மாதம் பிந்தினால், குறுவையின் அறுவடையும் அப்படியே ஒரு மாதம் பிந்தி ஐப்பசி மழையில் போய் விழும். பழைய சம்பா இவ்வாறு ஏமாறாது. பிந்திய தண்ணீருக்கு எந்த விதை என்பதைத் தீர்மானிக்கும் சங்க நிர்வாகிகள் விளைச்சல் அளவோடு இதனையும் எடைபோட வேண்டும்.

பிற பயிர்களிலும் இவ்வெச்சரிக்கை தேவை. வட ஐரோப்பாவுக்கெனத் தேர்ந்த வெங்காய வகைகள் பதினான்கு முதல் பதினாறு மணிப் பகல் கிடைத்தால்தான் கிழங்கு திரளும். பதின்மூன்று மணியை எட்டாத நமது பகலில் அவை தாள் விட்டுக்கொண்டே நிற்கும். விதைப்பையின்மீதுள்ள அழகிய படத்தைக் கண்டு வாங்குவோர் எந்த அட்சரேகைக்குரியது என்று கேட்டறிய வேண்டும். சாமந்தியோ நெல்லைப்போலக் குறும்பகல் செடி. பூவை விழாக்காலத்துக்குத் தள்ளிவைக்க விரும்புவோர் இரவில் விளக்கேற்றி மொட்டைத் தாமதப்படுத்துகிறார்கள். முந்திப் பூக்க வேண்டுவோர் மாலையிலேயே கறுப்புத் துணியால் மூடுகிறார்கள்.

அந்தச் சாமந்தி விளக்கின் வேலையை நமது தெருவிளக்குகள் நெல்லுக்குக் கேளாமலே செய்துவருகின்றன. மாப்பிள்ளைச் சம்பா முதலிய பழைய வகைகளை மீண்டும் பயிரிடுவோர் இன்று பெருகியுள்ளனர். சாலையோரத்து வயலில் வயல் முழுவதும் கதிர் வந்து சாய்ந்திருக்க, விளக்குக் கம்பத்தை ஒட்டிய இடம் மட்டும் பச்சைப் பசேலென்று கதிரின்றி நிற்பதுண்டு. விதையில் கலப்படம் என்று விதை கொடுத்த சங்கத்தின்மீது பழி சுமத்துவதும், பக்கத்து வயற்காரர்மீது ஐயங்கொள்வதும் இதனால் நேரக்கூடும். கதிரில்லாத இடம் கம்பத்தைச் சுற்றி வட்டமாகவோ பிறைபோலவோ அமைந்திருந்தால் குற்றம் விதையினுடையது அன்று, வெளிச்சத்தினுடையதே. கலப்பு விதையாயின் பச்சைப் பயிர் வயலெங்கும் சிதறி நிற்கும்.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. விளக்கின் வயற்புறத்தில் ஒரு தகட்டு மறைப்புப் பொருத்தி, ஒளி சாலைமீது மட்டும் விழும்படி செய்யுமாறு ஊராட்சியைக் கேட்கலாம். நெல் கதிர்க்கருவைத் தோற்றுவிக்கும் வாரங்களில் இம்மறைப்பு இருப்பது மிக முக்கியம். அது இயலாத இடத்தில், ஒளிபடும் பரப்பில் மட்டும் பகலுணர்வற்ற வகையையோ உளுந்து போன்ற குறுகியகாலப் பயிரையோ இடலாம். சங்கத்துக்கு விதைநெல் தரும் அங்கத்தினர்கள் விளக்குக் கம்பத்தை அடுத்த வயலை விதைக்கென ஒதுக்காதிருக்க வேண்டும். முற்றியதும் முற்றாததும் ஒரே களத்தில் கலந்துவிட்டால் முளைப்பு குறையும். வயலைப் பதிவுசெய்யும்போதே கம்பம் எத்தனை அடி தொலைவில் உள்ளது என்பதையும் விதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது நலம்.